கையிறுக்கம்

ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியிலிருக்கும் கடையில்
பன்னிரண்டு இணைப்பிகளை எண்ணித் தந்தார் ஜக்கரியா,
நகைக்கடைக்காரர் தோடு தருகிற பக்குவத்தில்.

"டெஃப்லான் சுத்தாதீங்க மேடம்.
ஸ்பானரைத் தொடவே தொடாதீங்க.
மரை சும்மா பிடிச்சுக்கத்தான்,
தண்ணிய நிறுத்துறது இந்த ரப்பர் வளையம்.
கையிறுக்கம் போதும்."

கையிறுக்கம் எனக்குப் பழக்கம்தான்.
ஏப்ரல் சம்பளத்தில் பாதி
அந்தச் சின்ன உறைக்குள் கிலுங்கியது.

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில்
ஒழுகாதது என்று எதுவும் இல்லை.
மேல்வீட்டுக் குளியலறை
மூன்று வருடமாய் என் கூரையில் ஒரு நாடு வரைகிறது.
போன ஐப்பசியில் அதற்கு ஒரு தீவும் முளைத்தது.
ஏகாம்பரம் வருவார், நூல் சுற்றுவார்,
வெள்ளை சிமெண்ட் அப்புவார்,
"இனி ஜென்மத்துக்கும் வராது" என்பார்.
அடுத்த மாதம் அவரே வருவார்.

இந்த வீட்டில்தான்
மின்சாரத்தின் மடியில் தண்ணீரை ஓடவிடப் போகிறேன்.
"மரை கழண்டுபோச்சா?" என்றான் தம்பி.
இல்லையடா,
இப்போதுதான் முடுக்குகிறேன்.

என் பிழைப்பு அப்படி.
பழைய மகாபலிபுரம் சாலையில்
இன்னும் அஸ்திவாரம் தோண்டாத வீடுகளுக்கு
நீச்சல் குளம் வரைந்து தருகிறேன்.
அலைமேல் வெயில் விழும் ஒரு படத்துக்கு
இரவெல்லாம் கொதிக்கிறது கணினி,
தொண்ணூற்றைந்து டிகிரியில்.
இல்லாத தண்ணீரைச் செய்ய
இருக்கிற தண்ணீர் வேண்டியிருக்கிறது.

குழாயை அறுத்தேன்.
விளிம்பைத் தேய்க்காமல் செருகிய முதல் துண்டு
வளையத்தைச் சீவிவிட்டது.
வெட்டிய நகம்போல் கருப்பாய் ஒரு சுருள்.
பிறகு ஒவ்வொரு முனையையும்
உப்புத்தாளில் உருட்டினேன்
உதட்டில் வைத்துப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு.

முதலில் காற்று.
சைக்கிள் பம்பு, ஒரு அழுத்தமானி.
முள்ளை அரையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.
ரசம் ஊற்றும்போது அரை,
தட்டைக் கழுவி வந்தால் அரைக்குக் கொஞ்சம் கீழே.
சோப்பு நுரையைத் தடவித் தடவி
பன்னிரண்டையும் சந்தேகித்தேன்,
பன்னிரண்டையும் கழற்றி மாட்டினேன்.
கட்டைவிரலில் மரை பதிந்துபோனது.
கடைசியில் குமிழி வந்த இடம்
அழுத்தமானியின் சொந்தக் கழுத்து.
கசிந்தது, சோதிக்க வந்தது.

அப்புறம் பேட்டரிக் கடைத் தண்ணீர் இரண்டு லிட்டர்,
அதில் நான்கு சொட்டு நீலம்.
பச்சைக் கம்பிக்கும் கருப்புக்கும்
கொண்டை ஊசியால் பாலம் போட்டு
பம்பை மட்டும் எழுப்பினேன்.
ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ஒரு டிஷ்யூ.
பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தினேன்.
கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்திருந்தேன்.

மூன்று மணிக்கு
ஏழாவது மூட்டின் கீழ் ஈரம்.

மிளகளவு.
நாக்கு ஒட்டிக்கொண்டது.
நீலமா என்று பார்த்தேன், இல்லை.
கூரையைப் பார்த்தேன்,
தீவு உட்பட எல்லாம் காய்ந்து கிடந்தது.
காகிதத்தை எடுத்து நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

என் மோவாயிலிருந்து அடுத்த சொட்டு
அதே இடத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

நான்கரைக்குக் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உயிர் கொடுத்தேன்.
குளம் கட்டம் கட்டமாக நிரம்பியது, ஐம்பத்தெட்டு டிகிரியில்.
நீந்த ஆள் இல்லை.

ஐந்தரைக்கு லாரி ஹாரன்.
குடங்களோடு கீழே போனேன்.
லாரி வாய்க்கும் ஓஸுக்கும் நடுவில்
யாரோ கட்டியிருந்த சைக்கிள் டியூப்
நாலு பக்கமும் பீச்சியடித்தது.
வரிசையில் நின்ற ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.
என் முறை வந்தபோது
குனிந்து, வெறும் கையால்,
கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன்.