அடித்துணி

சாம்பல் நிறம் பாதி விலை என்கிறாள் கடைப்பெண்.
அகநேத்தா வேண்டாம் என்கிறாள்.
கோடு போட்டதும் வேண்டாம்.
விங்க்லர் ஊருக்கே காரணம் தெரியும்,
இந்தப் பெண் புதுசு.

கடைசியில் மஞ்சள். அதில் வாத்துகள்.
குழந்தைக்கா?
முப்பத்தொரு வயசு.

மேல்பக்கம் வருகிறவர்கள் பார்க்க;
உடம்போடு கிடப்பது அடிப்பக்கம்.

இரண்டு துண்டையும் நடுவில் மூட்டினால்
தையல் முதுகெலும்பில் உறுத்தும்.
ஒன்றை நெடுகக் கிழித்து
இருபுறமும் வைக்கிறாள்.
தலையில்லாத வாத்தொன்று வலது ஓரத்தில்,
தலை மட்டும் இடது ஓரத்தில்.
இருக்கட்டும்.

மூட்டின வாயைப் பிரித்து இஸ்திரி போடுகிறாள், இரண்டு தடவை.

ஆறு வருஷம்
இரண்டரை அடிக் கட்டிலில் கிடந்தவன் பெர்ண்ட்.
எல்லாப் பக்கமும் ஒரு முழம் கூட விட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை, பத்து மணிக்கு.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஊசியில் நூல் ஏற மாட்டேன் என்கிறது.