ஒருநாள் தாமதம்

ஹக்கோடாட்டே மீன்சந்தையில்
கணவாய் எடைபோடுகிறவன் நான்.
மையோடு பழகிய கைதான்,
கழுவக் கழுவப் போகாத மை.
ஆனாலும் சமூகக்கூடத்தின் புதன்கிழமை வகுப்பில்
தூரிகையைப் பிடித்ததும்
விரல் ஐந்தும் அந்நியம்.

ஒரு டிராம் ஓட்டுநர், இரண்டு செவிலியர், நான்.
கற்றுத்தரும் நட்சுனே
பகலில் தபால்நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.
"மைக்கட்டியை மெதுவாக இழையுங்கள்,
யாரும் துரத்தவில்லை" என்றாள்.

பீச் மரக் கிளை வரையவேண்டும்.
இங்கே மார்ச்சில் ஜன்னல்வரை பனி.
பூத்த பீச்சை நான் பார்த்தது
டப்பாவின் லேபிளில் மட்டும்.
மூச்சைப் பிடித்து இழுத்தேன் ஒரு கோடு.
காகிதத்துக்கு என்ன தாகமோ,
குடித்துக் குடித்துக் கோடு
வாளைமீன் அகலத்துக்கு உப்பிற்று.
"அழிக்க ஏதாவது...?"
"எதுவும் கிடையாது" என்றாள்,
வேறு காகிதம் நீட்டாமல்.

பொம்மைகளுக்கு முட்டைகள்.
இருபுறமும் ஊசியால் துளையிட்டு, ஊதி,
நான்கு நாள் காலையும் முட்டைச்சோறு.
ஐந்து உடைந்தன, இரண்டு தேறின.
பூக்காகிதம் உடுத்திக்கொண்டு
ஒன்று அரசன், ஒன்று அரசி.
கண்கள் என் மைப்புள்ளிகள்;
அரசிக்கு ஒன்றரைக்கண்.

அசல் பொம்மைகள் பதினைந்தும்
ஏழு படியும் சிவப்புத் துணியுமாய்
ஜலசந்திக்கு அப்பால், அவோமோரியில்,
மியோகாவின் அம்மா வீட்டில்.
மூன்றாம் தேதி அங்கே, நான்காம் தேதி இங்கே.
அப்படித்தான் ஒப்பந்தம்.
விழா முடிந்ததும் பெட்டிக்குள் வைக்காவிட்டால்
மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று
கீழ்வீட்டு கொகுரே மாடியேறி வந்து எச்சரித்தார்.
தள்ளிப்போகட்டும்.
எனக்குச் சீக்கிரமே ஆயிற்று.

ஒன்பது வயது. கோட்டைக் கழற்றாமலே
அரசியைத் தலைகீழாகத் தூக்கி
துளைக்குள் ஒற்றைக்கண்ணால் பார்த்தாள்.
"உள்ளே இருந்தது எங்கே?"
"சாப்பிட்டுவிட்டேன், சோயா ஊற்றி."
"அரசியையா?"
அவள் சிரித்ததில் மேஜை ஆடி
அரசன் உருண்டுபோய்
தடித்த கிளையின் கீழ் கிடந்தான்.

மறுநாள் துறைமுகத்தில்
இருவரையும் ஒரே கையுறைக்குள் திணித்தாள்.
"நொறுங்கிவிடும்."
"அழுத்தமாட்டேன்."
வெறுங்கையை என் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.
அங்கே எடைச்சீட்டுகள், சில்லறை, என் கை.
கப்பல் இரண்டாம் முறை ஊதும்வரை எடுக்கவில்லை.

கிளை என்னிடம் இருக்கிறது.
அடுத்த புதன் மூங்கில் என்று
சொல்லியிருக்கிறாள் நட்சுனே.