கைநாட்டு

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்குக் கீழே ஆறு
பாதி உறைந்து, பாதி புகைந்துகொண்டிருக்கிறது.

தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் நிரல்
மூன்று நாளைக்கொரு முறை
மூச்சுமுட்டி விழுகிறது.
லோர்ன் ஹ்ரின்சுக் தொலைபேசியில் இரைகிறார்:
"டிரைவர்கள் என் காபி முழுவதையும் குடித்துவிட்டார்கள்."

இங்கே என் மேசையில் அதன் நகல் ஓடுகிறது.
நிறுத்தினேன்.
எடுத்த அடியை வைக்குமுன்
காற்றில் நிற்கிறது கால்.

கேட்க நினைத்தது சின்னக் கேள்வி:
இந்த லாரியில் இருப்பது டுரம் கோதுமையா?
ஒப்பிட்டுப் பார்க்க
அந்தச் சொல் அவன் வீட்டுக்குள் இருக்கவேண்டும்.
என் வீட்டில் இருக்கும் சொல்
அவன் கண்ணுக்குத் தெரியாது.
டிபக்கருக்கோ அங்கே
ஒரு சாண் நிலம் சொந்தமில்லை.

ஆகவே அது,
நின்றவன் எந்தக் கையில் எதை வைத்திருந்தான் என்று
முதலில் குறித்துக்கொள்கிறது.
பிறகு உறங்குகிறவன் கட்டைவிரலைப் பிடித்து
மையில் அழுத்தி
அவன் பெயரிலேயே மனுப் போடுகிறது:
எழுத்து ஐந்து, முற்றுப்புள்ளிக்கு ஒன்று,
ஆறு பைட் இடம் தேவை.

இடம் அளந்து கொடுக்கும் அலுவலகம்
குடித்தனக்காரன்தான் கேட்கிறான் என்று நம்பி
முப்பத்திரண்டு பைட்டுக்குப் பட்டா எழுதும்.
அதற்குக் குறைந்த மனை அங்கே கிடையாது.

அந்த மனையில் என் சொல்லை வைத்து
பதிலை வாங்கிக்கொண்டு
கலைந்த தலையை வாரிவிட்டு
அந்தந்தக் கையில் அததைத் திருப்பி வைத்து
எழுப்பிவிடும்.
அவன் தூக்கிய காலைக் கீழே வைப்பான்.
அவனைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை.
மனை மட்டும் அவன் கணக்கில்.
திருப்பிக் கொடுக்கும் பழக்கம்
டிபக்கருக்கு இல்லை.

(சில வேளை அவனே அந்த அலுவலகத்துக்குள்
சாவியும் கையுமாய் இருக்கும்போது நிறுத்திவிடுவேன்.
அப்போது மனுப் போட்டால்,
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே
யாராவது கதவைத் திறக்கட்டும் என்று
நிற்பான், நிற்பான்.
திங்கட்கிழமை இரண்டு தடவை.)

நேற்றிரவு ஒரு நிபந்தனை போட்டேன்.
டுரம் வந்தால் மட்டும் நில்,
இல்லையேல் ஓடிக்கொண்டிரு.
போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.
எட்டு மணி நேரம். நொடிக்குப் பத்து முறை.

காலையில் நிரல் ஊதிக் கிடந்தது.
ஒன்பது மெகாபைட் அதிகம்.
அகப்பட்டான் திருடன் என்று
கோட்டைக்கூடக் கழற்றாமல்
குவியலைத் தோண்டினேன்.

டுரம்.
டுரம்.
டுரம்.
கீழே போகப் போக டுரம்.
கிடங்கின் பட்டியலில் எல்லாம் பெரிய எழுத்து.
இவை சின்ன எழுத்து,
தூக்கக் கலக்கத்தில் நான் தட்டிய சின்ன எழுத்து.
அதனால்தான் ராத்திரி முழுக்க
ஒருமுறைகூட நிற்கவில்லை அவன்.
இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் தடவை
நான் கேட்டதையே
அவன் வயிற்றில் அடுக்கியிருந்தேன்.

"யார் என்று தெரிந்ததா?" என்றார் லோர்ன்.
"நான்தான்."

வெகுநேரம் சிரித்தார்.
போன அறுவடையில் புதுப் பையன் டாரில்
லாரியோடு தானும் தராசு மேடையில் நின்று
எடை பார்த்தானாம்.
ஒரு வாரத்துக்கு
கனோலா லோடு ஒவ்வொன்றிலும்
எண்பத்துநாலு கிலோ டாரில்.
விற்க வந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிபந்தனையை எடுத்துவிட்டேன்.
டிபக்கரையும் கழற்றிவிட்டேன்.
நிரல் தானாக எழுதிவைக்கும் கணக்கை மட்டும்
எட்ட இருந்து பார்க்கிறேன்,
எதையும் கேட்காமல்.
கேட்காமல் இருப்பது
கை அரிப்பதுபோல் இருக்கிறது.

பத்து மணி.
பத்தரை.
ஆற்றின் மேல் புகை அடங்கிவிட்டது.
பதினொன்றே காலுக்கு
எண் ஒரு தடவை ஏறியது.

நாற்பத்தெட்டு பைட்.
இது நான் இல்லை.