மூன்றாம் நாற்காலிக்கு எதிரே

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகம் போகிற சாலையில்
ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர் மாடி எங்கள் டயாலிசிஸ் சென்டர்.
நான்கு மெஷின், நான்கு நாற்காலி,
ஒரே ஒரு ஓவியம்.

முதலாளியின் மச்சான் கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்தது.
பின்னட்டையில் பென்சிலால் 'டூனிஸ்' என்று மட்டும்.
நீல ஓடு பதித்த சுவர், லாடம்போல் வளைந்த வாசல்கள்,
கிச்சிலி காய்த்த செடி,
ஒற்றைச் செருப்பு,
நடுமுற்றத்தில் எண்கோணக் கல்தொட்டி நிறைய
யாரும் மொள்ளாத தண்ணீர்.
அதன்மேல், தடுக்க ஒரு கூரையில்லாமல், வெயில்.

"தாகத்தக் கெளப்புது. கழட்டிடுங்கம்மா அத"
என்றார் ரமீஜா பீவி.
நாளுக்கு அரை லிட்டர் அவருக்கு,
ரசம், டீ, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து.
"கெடக்கட்டும்" என்றார் தேசப்பன்.

விசைப்படகில் முப்பது வருஷம் தேசப்பன்.
செவ்வாய், வியாழன், சனி.
மூன்றாம் நாற்காலி காலியில்லை என்றால்
"அப்போ நாளைக்கி வர்றேன்."
எடை பார்க்க ஏறும்போது திருட்டு முழி.
மூன்று கிலோ. மூன்றே கால்.
"தண்ணி குடிச்சீங்களா?"
"மோந்துகூட பாக்கலம்மா."

படத்தில் மணி என்ன என்று ஒருநாள் சண்டை.
நிழலைப் பார்த்துப் பத்து என்றேன் நான்.
அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னே என்றார் ரமீஜா பீவி.
தேசப்பன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"மூணரை. லோடு ஏர்ற நேரம்."
பிரஷர் இறங்கிவிட்டதென்று
கால்மாட்டை உயர்த்தினேன்.

போன வியாழன் வரவில்லை. சனியும்.
மகள் கோட்டீஸ்வரி வந்தாள்,
ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்,
என் பேனாவைத் தெரியாமல் கொண்டுபோனாள்.

நாற்காலியை டெட்டாலில் துடைத்துவிட்டு
கால் கடுக்க அதிலேயே சாய்ந்தேன்.

ஓவியம் இல்லை.

கயிறு தளர்ந்து முன்னால் கவிழ்ந்த சட்டத்தின் கண்ணாடியில்
ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே தெரு,
மரச்சறுக்கில் முட்டி மோதி இறங்கும் ஐஸ் பாளங்கள்,
அரவை மெஷின் வாயிலிருந்து லாரிக்குள்
வெள்ளையாய்க் கொட்டுகிற வெயில்.
கல்தொட்டி இருந்த இடத்தில்
ஒரு பையன், தார்ச்சாலையில் சிதறிய துண்டைப் பொறுக்கி
சட்டையில் துடைத்து
வாயில் போட்டுக்கொண்டான்.

மணி பார்க்கவில்லை நான்.

"அது ஏன் அப்டி தொங்குது? நேரா மாட்டக்கூடாதா?"
என்றார் ரமீஜா பீவி.
ஸ்டூலைத் தேடுவதுபோல்
கொஞ்சநேரம்
இங்குமங்கும் நடந்தேன்.