நான்காம் எண் கடை

பன்னிரண்டு அடித்தால் இந்தப் பள்ளியில்
எல்லாம் நிற்கும்.
பந்து நிற்காது. அது மட்டும் உருண்டுபோய்
வடிகால் கம்பியில் முட்டிக்கொள்ளும்.
துரத்தியவன் ஒற்றைக்காலில் கொக்கு.
தட்டோடு வந்தவள் தட்டோடு.
என் கரண்டியிலிருந்து சொட்டும் குழம்பை
நானும் தடுப்பதில்லை.
மரியாளுக்கு வானவர் கொண்டுவந்த சேதியாம்.
எங்கள் மர்யமும் அவர்தானே என்று
முதல் வருடமே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
ஒரு நிமிடம்.
அப்புறம் கூச்சல்.

ஹவ்காங்கில் பதினோரு வருடம்.
மீ கோரெங், மீ சோத்தோ, மீன் உருண்டைக் குச்சி.
குச்சிக்கு மூன்று உருண்டை, எண்பது காசு.

திருநீற்றுப் புதனன்று
நெற்றி நெற்றியாய்ச் சாம்பல் சிலுவை
வரிசையில் நின்றது.
அம்மா தினமும் பூசிவிடும் கீற்றோடு வரும் முகில்வேந்தன்
திரும்பிப் பார்த்துச் சொன்னான்:
"இன்னிக்குத்தான் எல்லாரும் ஒழுங்கா வந்திருக்காங்க."
கண்காணிப்புக்கு நின்ற மிஸஸ் பெரேரா
முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாற்பது நாள் என் கல்லா மெலியும்.
வகுப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி;
எனக்கு வரவேண்டிய காசு அதற்குள் விழும்.
வெள்ளிக்கிழமை கோழி விலைபோகாது.
இந்த ஆண்டு என் நோன்பும் கூடவே வந்தது.
உப்புப் பார்க்க
பக்கத்துக் கடை சியூ லானிடம்
நாக்கை இரவல் கேட்டேன்.

நான்காம் வகுப்பு கஸ்பார் ஞானதிக்கம்
தினமும் வந்தான். வாங்கவில்லை.
கண்ணாடியில் மூக்கை ஒட்டி
உருண்டைகளைப் பார்த்துவிட்டுப் போனான்.

"என்னடா, காசு இல்லையா?"
"இருக்கு ஆன்ட்டி. ஈஸ்டர் வரைக்கும் விட்டிருக்கேன்."
"அப்ப ஏன் வந்து பாக்குற?"
"பாக்காம விட்டா அது விட்டதா?"

அவன் போன பிறகும் மூச்சு வட்டம்
கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருந்தது.
மூன்றரைக்கு எழுந்து ஒரு மிடறு தண்ணீரோடு
முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன்.
அதைத் துடைக்கவில்லை.

என் பெருநாள் முதலில் வந்துவிட்டது.
அவனுக்கு இன்னும் மூன்று வாரம்.
அவன் தலை வரிசையில் தெரிந்தால்
தேநீர்க் குவளையை
அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துக் குனிந்து குடித்தேன்,
பிடிபடக் கூடாத பிள்ளைபோல.

ஈஸ்டர் முடிந்த திங்கள்.
நாலு இருபது காசு, உள்ளங்கைச் சூட்டோடு,
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தான்.
மீன் விலை ஏறி
அன்று காலைதான் குச்சி தொண்ணூறு ஆகியிருந்தது.
விலை அட்டைமேல் துணியைப் போட்டேன்.
சிவப்புச் சாஸ் வழியக் குச்சியை நீட்டினேன்.
வாங்கினான். வாயைத் திறந்தான்.

மணி.

உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் உருண்டை.
திறந்த வாய் திறந்தபடி.
ஒரு சொட்டு கிளம்பி, குச்சியோடு இறங்கி, தயங்கி,
அவன் வெள்ளைக் காலணியில் விழுந்தது.
இருவரும் பார்த்தோம்.
அசையவில்லை.