செயப்பாட்டுவினை

வெள்ளி மாலை ஐந்து பத்துக்கு
யோகவள்ளி படையாச்சியின் மின்னஞ்சல்.
நலம் விசாரித்திருந்தாள்.
டர்பனில் இந்த வெயில் தாங்கவில்லை என்றாள்.
முன்பு நாம் பேசியபடி, என்றாள்.
கூட்டத்தில் ஒப்புக்கொண்டபடி, என்றாள்.
அட்டவணையை இணைப்பில் காண்க என்பதற்கும்
அன்பான வணக்கங்களுக்கும் நடுவே
ஆறாம் பத்தியில் ஒண்டியிருந்தது ஒரு வரி:
சனி ஞாயிறு கேபிள் வேலை,
ஏழாம் வரிசைக்கு மின்சாரம் இல்லை,
குளிர்ப்பெட்டிகளை மாற்றிவிடவும்.

நான் மூன்றாம் பத்தியில்
வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன்.

திங்கள் காலை தூலானி கதவைத் திறந்தான்.
மபூட்டோவிலிருந்து வந்த இறால்,
இரண்டு பெட்டி.
தண்ணீர் முதலில் வந்தது, பிறகு வாடை.
என்னைப் பார்த்து ஸூலுவில் ஒரே ஒரு சொல் சொன்னான்.
அத்தனை தெளிவாக
அந்தத் துறைமுகத்தில் யாரும் எனக்கு
எதையும் தெரிவித்ததில்லை.

மேலிடத்துக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.
"தகவல் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை."
நல்ல வாக்கியம். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
உள்ளேதான் ஆள் இல்லை.
சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
செயப்பாட்டுவினைக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.
கவனிக்கப்படவில்லை.
யாரால்?

அடுத்து, அவள் அஞ்சலையே எடுத்து
அந்த வரிக்கு மஞ்சள் பூசி
பாருங்கள் எங்கே ஒளித்திருக்கிறாள் என்று
இருபது வரி எழுதினேன்.
வேகமாக வந்தது, வியர்வை மாதிரி.
அழித்தேன்.
"துரதிர்ஷ்டவசமாக"வை அழித்தேன்.
"பல்வேறு காரணங்களால்" போனது.
"வருத்தத்துடன்" கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு
அதுவும் போனது.

மிஞ்சியது இவ்வளவு:

ஏழாம் வரிசை, இரண்டு பெட்டி இறால், முழு இழப்பு.
வெள்ளிக்கிழமையே எனக்குச் சொல்லப்பட்டது.

இல்லை.
வெள்ளிக்கிழமையே யோகவள்ளி எனக்குச் சொன்னாள்.
நான் கடைசிவரை படிக்கவில்லை.

அனுப்பு பொத்தானில் விரலை வைத்தபோது
கிரேன் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.
நகல் அவளுக்கும்.

சம்பளத்தில் பிடித்தார்கள். வேலை இருக்கிறது.

இப்போதெல்லாம் அவள் அஞ்சலில்
முதல் வரியே விஷயம்:
நான்காம் வரிசை, இன்றிரவு பத்து மணி, மாற்று.
அதற்குக் கீழே வழக்கம்போல
வெயில், கூட்டம், ஒப்புக்கொண்டது,
ஆறாம் பத்தியில் அவளுடைய முழங்கால் வலி.

பெட்டியை மாற்றிவிட்டு வந்து
அதையும் படிக்கிறேன்.