சேறு அள்ளுகிற மாதம்

வியாழன் சாயங்காலம்
ஏரல் பஸ்ஸில் வந்து இறங்குவார் வேதமாணிக்கம் உபதேசியார்.
பாளையங்கோட்டையில் என் அறை மாடியில்.
கீழே ஜெராக்ஸ் கடை.
நாங்கள் பேசாத நேரமெல்லாம்
யாருடையதோ ஒரு சாதிச் சான்றிதழ்
வெளிச்சம் பட்டு நகலாகிக்கொண்டிருக்கும்.

என் வேலை கேட்பது.
சபையில் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்,
ஆத்தும வழிகாட்டி என்று.
வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டியவள்
ஜங்ஷன் வரை போய்த் திரும்பி நடக்கிறவள் நான்.

முதல் நாள் அவர் சொன்னது:
"வெள்ளத்துக்குப் பிறகு ஏழு அடக்க ஆராதனை நடத்தினேன்.
ஏழாவதுல வாய் தானா ஓடுது.
நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்,
அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி."
பிறகு, கைக்குட்டையை மடித்தபடி:
"கடவுள் இல்லைன்னு சொல்ல வரலை.
இருக்காருன்னு சொல்லத்தான் சம்பளம் வாங்குதேன்.
அது கூசுது."

ஒரு சங்கீதம் எடுத்துக் கொடுத்தேன்,
காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை மாதிரி.
இரண்டு வாரம் அவர் வரவில்லை.

இரண்டு வியாழனும்
அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்,
கிணற்றில் விழுந்ததைச் சொல்ல வந்தவரிடம்
தண்ணீரின் மகிமையை எடுத்துச் சொன்னவள்.

மூன்றாம் வாரம் வந்தார்.
மேசைமேல் ஒரு சாவிக்கொத்தை வைத்தார்.
கோயில் கதவு, பீரோ, காணிக்கைப் பெட்டி.
"சேகர குருவானவர்ட்ட குடுத்திரலாம்னு வந்தேன்.
ஆபீஸ் பூட்டியிருக்கு."

நான் வேதத்தைத் திறக்கவில்லை.
"இன்னைக்குக் காலையில என்ன செஞ்சிய?" என்றேன்.

நாலரைக்கு எழுந்தாராம்.
கோயிலைத் திறந்தாராம்.
பெஞ்சு இடுக்கில் இன்னும் வண்டல்;
கரண்டிக் காம்பால் சுரண்டினாராம்.
பாட்டுப் புத்தகங்களை வெயிலில் விரித்து
ஒட்டின பக்கங்களை ஊதி ஊதிப் பிரித்தாராம்.
சிலது பிரிந்தது. சிலது கிழிந்தது.
எட்டு மணிக்கு எஸ்தரம்மா வந்து
ஓடைக்கரையில் கிடைத்ததென்று
மகனுடைய செருப்பைக் காட்டினாளாம்.
ஒற்றைச் செருப்பு.

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லலை.
கழுவிக் குடுத்தேன்."

கீழே மிஷின் நின்றுபோயிருந்தது.
கரண்ட் இல்லை.

நான் பிறந்த தெருவிலிருந்து குறுக்குத்துறை நடை தூரம்.
ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயில்.
வெள்ளம் வருகிறதென்றால்
உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போவார்கள்.
மூலவரைத் தூக்க முடியாது.
அவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார்.
வடிந்தபிறகு ஆட்கள் இறங்கிச் சேறு அள்ளுவார்கள்.
ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொல்லி
ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன்.
அன்றைக்கு இருட்டில் அவரிடம் சொன்னேன்.

நெடுநேரம் யோசித்தார்.
"உதாரணம் நல்லாத்தான் இருக்கு.
பிரசங்கத்துக்கு ஆகும்."
இருவருக்குமே சிரிப்பு வந்தது.
சிரிப்பு அடங்கியபின்
அவர் குரல் மட்டும் வந்தது:
"ஆனா தண்ணிக்குள்ள கிடந்தது அவரு இல்லம்மா.
எஸ்தரம்மா மவன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றுவரை இல்லை.
நோட்டில் தேதி போட்டு அதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏழேகால் பஸ்ஸுக்கு எழுந்தார்.
சாவியைத் தடவி எடுத்துக்கொண்டார்.
விசுவாசம் திரும்பி வந்ததென்று யாரும் எழுத வேண்டாம்.
"காலையில யாரு திறக்க?
புத்தகம் பாதி ஈரமா கிடக்கு," அவ்வளவுதான்.

படியில் நின்று கேட்டார்:
"நீங்க ஜெபம் பண்ணுவியளா?"

"சில நாள்."

"மத்த நாள்?"

"கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"யாரு பேசுதா?"

கரண்ட் வந்தது.
கீழே மிஷின் முனகி
நடுவில் சிக்கியிருந்த தாளைத் தள்ளியது.
அவர் பதிலுக்கு நிற்கவில்லை;
பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிட்டது.
அடுத்த வியாழன் வந்தார்.
நகத்தில் சேறு இருந்தது.